எல்லாத் தலைக்கும் ஒரே கட்டிங்

என் சித்தியை அவள் வேலை செய்யும் கண் ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் அளவக்காதான். கண்புரைக்கு அறுவை செய்துகொள்ள வருகிற ஒவ்வொருவரும் முதலில் அவள் அறைக்குள் போய்வர வேண்டும். புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற லென்ஸ் எந்த பவர் என்று முடிவு செய்ய, கண் முன்னிருந்து பின்வரை எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பது சித்தியின் வேலை.

"சட்டைக்கு அளவெடுப்பாங்க, செருப்புக்கு எடுப்பாங்க. கண்ணுக்குமா?" என்று கேட்காத ஆளில்லை.

"எடுக்காம விட்ட காலமும் இருந்துச்சு. அதுல மாட்டினவர் ஒருத்தர் எங்க வீட்டுலயே இருக்கார்" என்பாள் சித்தி.

அந்த ஒருத்தர் என் சித்தப்பா. கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பேச்சில்லாமல் அவரால் முடிவெட்ட முடியாது. வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பேசவும் தெரியாது. இரண்டும் ஒரே கையில் நடக்கும்.

இளைஞனாக இருந்தபோது, கடை வாசலில் நின்றபடி ஒருவருக்குக் கழுத்து வழித்துக்கொண்டிருந்தார். தெருவில் பிள்ளைகள் எறிந்த பந்து நேராக வந்து அவருடைய இடது கண்ணில் விழுந்தது. வீக்கம் வடிந்தது. ஆனால் சில மாதங்களில் பார்வைக்குள் பால் கலந்த மாதிரி வெளுப்பு. அடிபட்ட கண்ணில் அந்த வயதிலேயே புரை விழுந்துவிட்டது. அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள்.

கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் வந்திருந்தது. அளவெடுக்கிற மெஷின் வரவில்லை. பெரும்பாலான கண்களுக்கு ஏறக்குறையப் பொருந்துகிற ஒரு பவரை வரவழைத்து, எல்லோருக்கும் அதையே வைத்தார்கள். முன்பே கண்ணாடி போட்டவராக இருந்தால் அந்தக் கண்ணாடியைப் பார்த்து டாக்டர் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார். சித்தப்பா கண்ணாடியே போட்டதில்லை. உண்மையில் அவருடைய கண்கள் இரண்டும் சராசரியைவிடக் குட்டையானவை. வாலிபத்தில் கண்ணுக்குள்ளிருக்கும் சொந்த லென்ஸ் இழுத்துப் பிடித்து வேலை செய்து அந்தக் குறையை மறைத்துவிடும். அதனால் அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சொந்த லென்ஸ் போய் எல்லோருக்குமான லென்ஸ் வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சித்தி அப்போது அதே ஆஸ்பத்திரியில் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகாத பெண். ஒரு நாள் காலை, வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்த ஒருவர் சீட்டை நீட்டாமல் முகத்தை நீட்டினார்.

"வெளுப்பு போயிடுச்சும்மா. ஆனா எல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கற மாதிரி தெரியுது."

"டாக்டர் கண்ணாடி எழுதித் தருவாரு சார்."

"தந்தாரு. போட்டா ஒரே தலை ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு சைஸ்ல தெரியுது. நான் எதை வெட்டறது?"

சித்தி சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "எல்லாருக்கும் இதே லென்ஸ்தான் சார் வெக்கறாங்க. உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் மாத்தி வெக்கல."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். எல்லாத் தலைக்கும் ஒரே கட்டிங் போட்டா என் கடைக்கு எவன் வருவான்?"

வரிசையே சிரித்தது. சித்தியும் சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு சிரிப்பு போய் கேள்வி மட்டும் ஜன்னலில் நின்றது. அந்த ஆள் சொன்னதில் தப்பில்லையே என்று அன்றைக்கெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்ததாம்.

பிறகு நடந்ததை இருவரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கண்ணில் ஒன்றுமில்லாமலே அவர் பரிசோதனைக்கு வந்து வந்து நின்றார் என்பாள் சித்தி. அவள்தான் அடுத்த தேதியைக் கிட்டக்கிட்டப் போட்டுக் கொடுத்தாள் என்பார் சித்தப்பா. எப்படியோ, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசிமுடித்த அன்று, கூடத்து மூலையில் சித்தப்பா கேட்டாராம்: "ஒரு கண்ணு போச்சு, நீ கிடைச்ச. இன்னொரு கண்ணும் போச்சுன்னா?"

"அதுக்கு நானே அளவெடுத்து லென்ஸ் வெக்கச் சொல்லுவேன்."

"எதை வெச்சு? இஞ்ச் டேப்பை வெச்சா?"

அளவெடுக்கிற மெஷின் அப்போதும் வந்திருக்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

சில வருடம் கழித்து மெஷின் வந்தது. சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து கம்பியில் தொங்கும் பேனா மாதிரி ஒரு கோல். பழக யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது பதிவு ஜன்னலிலிருந்து ஒரு கை உயர்ந்தது. சீட்டு எழுதுகிறவளுக்கு எதற்கு இந்த ஆசை என்று சிலர் முணுமுணுத்தார்கள். டாக்டரம்மா, அப்போது அவரும் புதிது, "ஆசைப்படறவங்களுக்குத்தான் கத்துக்கொடுக்கணும்" என்று வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் கீழே போய் மோதித் திரும்பி வருகிறதில்லையா, அதுதான் அந்த மெஷினின் வித்தை. காதுக்குக் கேட்காத ஓர் ஒலி கோலின் நுனியிலிருந்து கண்ணுக்குள் போகும். விழித்திரையில் மோதித் திரும்பும். போய்வந்த நேரத்தைக் கொண்டு நீளத்தை மெஷின் கணக்கிடும். கண் மரத்துப்போகச் சொட்டு விட்டுவிட்டு, கோலின் நுனியைக் கருவிழியில் வைக்க வேண்டும். வைக்க வேண்டும் என்றால், தொட்டும் தொடாமலும். கொஞ்சம் அழுத்தினாலும் பழுத்த தக்காளி மாதிரி கண் உள்வாங்கும். நீளம் குறைந்து காட்டும். குறைந்த அளவுக்குக் கூடுதல் பவர் லென்ஸ் வரும். அப்புறம் அந்த ஆள் வாழ்நாளெல்லாம் கிட்டே மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சித்திக்கு அந்தத் தொடுதல் கைவந்தது. வயதானவர்கள் "எப்பம்மா தொடப்போற?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் அளவு முடிந்திருக்கும். அளவக்கா என்ற பெயர் அப்படி ஒட்டியது.

அந்த அறைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. அறுவை ஒரு கண்ணுக்குத்தான் என்றாலும் இரண்டு கண்ணையும் அளக்க வேண்டும். ஒரே ஆளின் இரண்டு கண்களும் நீளத்தில் பெரும்பாலும் ஒட்டித்தான் இருக்கும். விலகினால் ஏதோ விஷயம் இருக்கிறது. இரண்டாவது, ஒருவர் எடுத்த எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் இரண்டு பேர் அளக்க வேண்டும்.

காலம் போய் வெளிச்சத்தால் அளக்கிற மெஷின் வந்தது. இதில் கண்ணைத் தொடவே வேண்டாம். மோவாயை வைத்து உள்ளே தெரிகிற சிவப்புப் புள்ளியைப் பார்த்தால் போதும், மூச்சை இழுத்து விடுவதற்குள் நீளமும் கருவிழியின் வளைவும் வந்துவிடும். அதை இயக்க ஒரு சின்னப் பெண் சேர்ந்தாள். ஆஸ்பத்திரி அவளுக்கு உடனே "சின்ன அளவு" என்று பெயர் வைத்தது. பழைய மெஷின் துணி போர்த்தி மூலைக்குப் போனது. புரை சுவர் மாதிரி முற்றி வெளிச்சம் உள்ளே நுழைய முடியாதவர்களுக்காக மட்டும் துணியை விலக்குவார்கள்.

அதே காலத்தில் சித்தப்பாவின் வலது கண்ணிலும் புரை இறங்கத் தொடங்கியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இடது கண் ஏற்கெனவே தண்ணீருக்குள். வலதுதான் பிழைப்பு. கண்ணில் குறைந்ததை விரலில் கூட்டிக்கொண்டார். கட்டைவிரலால் காதோரத்தைத் தடவிப்பார்த்துவிட்டு வெட்டுவார். பேச்சு குறைந்துபோனது. அதை வைத்தே சித்தி கண்டுபிடித்திருக்க வேண்டும். "இந்த மனுஷன் வாய் ஓயுதுன்னா கண்ணுல ஏதோ இருக்குன்னு தோணலையே எனக்கு" என்று பின்னால் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

தெரியவந்தது மருந்துக்கடைக்காரரின் காதால். எதிர்வரிசையில் கடை வைத்திருக்கும் அவர் சித்தப்பாவின் பழைய சிநேகிதர், ஷேவிங்குக்கு வேறெங்கும் போகாதவர். அன்று கத்தி காதுமடலின் ஓரத்தைக் கீறிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். சித்தப்பா படிகாரத்தைத் தேடிக் கைதடவிக்கொண்டிருக்க, அவரே எடுத்து வைத்துக்கொண்டார்.

"விடுப்பா. காது ரெண்டு இருக்கு. ஒண்ணை நீயே வெச்சுக்க" என்றார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்து மடக்கி இழுப்பறைக்குள் வைத்தார். கண்ணாடிக்கு மேலே "கட்டிங் – ஷேவிங்" என்று எழுதியிருந்ததில், ஷேவிங் மேல் ஒரு துண்டை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு கத்தரி மட்டும்தான், அதுவும் மெதுவாக. அவசரக்காரர்கள் அடுத்த தெரு சலூனுக்குப் போகத் தொடங்கினார்கள். கத்தரியும் இழுப்பறைக்குள் போக ரொம்ப நாள் ஆகாது என்று அவருக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும்.

அறுவை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு கண்ணுல ஒரே கட்டிங் போட்டு அனுப்பினாங்க. மிச்சத்தையும் கொடுத்துட்டு வரச் சொல்றியா?"

"இப்ப அளவெடுக்கறாங்க. எடுக்கறதே நான்தான். ஊருல இருக்கறவன் கண்ணெல்லாம் என் கையில இருக்கு, உங்க கண்ணு மட்டும் கூடாதா?"

"ஊரான் கண்ணுன்னா உனக்குக் கை நடுங்காது."

"நடுங்கினா சொல்லிடறேன்."

"சொல்லுவியா?"

"என்னைக்கு நான் சொல்லாம விட்டிருக்கேன்?"

சித்தப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

துணைக்கு நான் போயிருந்தேன். முதலில் டாக்டரம்மா உட்காரவைத்துக் கேட்டார்: "லென்ஸ் வெச்சா ஒரு தூரத்துக்குத்தான் நல்ல தெளிவு கிடைக்கும். மத்ததுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். உங்களுக்கு எந்தத் தூரம் வேணும்? தெருவா, புத்தகமா?"

சித்தப்பா யோசித்தார். வலது கையைத் தூக்கி முழங்கையை மடக்கி, விரல்களால் காற்றில் ஒரு தலையைப் பிடித்தார். "இது" என்றார். "தெருவைப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கறேன். தலையைப் பார்க்க மட்டும் கண்ணாடி வேண்டாம்."

டாக்டரம்மா எழுந்து வந்து, அவர் கண்ணுக்கும் அந்த இல்லாத தலைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அளவு அறையில் வெளிச்ச மெஷின் இடது கண்ணை உடனே படித்தது. உள்ளே இருப்பது தெளிவான லென்ஸ், அதனால் தடையில்லை. வலது கண்ணுக்கு மெஷின் கையை விரித்துவிட்டது. புரை அவ்வளவு கெட்டி. மூலையிலிருந்த பழைய மெஷினின் துணியை விலக்கினார்கள். சொட்டு விட்டு, உட்காரவைத்து, மோவாயை ஏந்தியில் வைத்து, சித்தி கோலை எடுத்தாள். கை நடுங்கவில்லை. திரையில் மலைமலையாகக் கோடுகள் எழுந்தன, ஒவ்வொன்றும் செங்குத்தாக. மறுபடி மறுபடி எடுத்தாள். ஒரே மாதிரி எண். பிறகு சித்தி வெளியே வர, சின்ன அளவு உள்ளே போனாள். அவள் எடுத்ததும் ஏறக்குறைய அதே.

"அச்சு அசல் ஒண்ணு போல இருக்கு அக்கா" என்று சந்தோஷப்பட்டாள்.

சித்தி எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வலது கண் இடது கண்ணைவிட அரை மில்லிமீட்டர் குட்டை. நகத்தின் தடிமன் அது. வேறு எதில் என்றாலும் தூசு என்று ஊதிவிடலாம். நீளமான கண்ணில்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குட்டைக் கண்ணில் ஒவ்வொரு இழையும் பெரிதாக வந்து நிற்கும்.

டாக்டரம்மாவிடம் காட்டினாள். "இடது கண்ணுல பந்து பட்டிருக்கு, அறுவையும் ஆகியிருக்கு. ரெண்டும் சமமா இருந்தே ஆகணும்னு இல்ல. ரெண்டு பேரும் எடுத்தது ஒத்துப்போகுதே" என்றார் அவர். நியாயமான பேச்சு. சித்தி தலையாட்டினாள். அடுத்த வாரத்துக்கு அறுவை குறித்தாயிற்று.

வீட்டில் அவள் நிலைகொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்தது. "எண்ணு தப்பா இருந்தா அவ்வளவுதான். இந்தக் கண்ணையும் நானே கெடுத்த மாதிரி" என்று என் அம்மாவிடம் சொன்னாள். "ரெண்டு பேர் பார்த்ததுதானே?" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் அவரைத்தானே பார்த்தோம்" என்றாள் சித்தி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா கண் சொட்டுமருந்தை மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கொடுக்கப் போன சித்தி, அவர் கை ஒழியட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் ஏற்கெனவே அங்கேதான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் புதிதாக ஒரு பையன். கத்தரி காதருகே வரும்போதெல்லாம் கழுத்தைச் சுருக்கிப் பின்னால் போனான்.

"தம்பி, தலையைக் கொடுங்க" என்றார் சித்தப்பா.

பையன் கொஞ்சம் வந்தான். கத்தரி கிளிக்கென்றதும் மறுபடி ஓடினான்.

"ஓடினாத்தான் தம்பி வெட்டும். கை வந்தா எதிர்ல வரணும். நீங்க தலையை நல்லா என் கையில கொடுத்துடுங்க, அப்புறம் அது என் பொறுப்பு. இங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் கொடுப்பாங்க."

பையன் பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்த்துக் கொடுத்தான். அவன் நெற்றிப்பொட்டு சித்தப்பாவின் விரல்களில் அழுந்தியது. அழுந்திய இடத்தில் தோல் மடிந்து, கண்ணோரம்வரை ஒரு சுருக்கம் ஓடியது.

சித்தி எழுந்துவிட்டாள்.

"என்னங்க, அன்னைக்கு நான் அளவெடுத்தேனே, அப்போ கண்ணைக் கொடுத்தீங்களா?"

"பின்னே?" கத்தரியை நிறுத்தாமலே சொன்னார். "உன் கை வருது, நான் பின்னால போனா நல்லாவா இருக்கும்? நல்லா முன்னால கொடுத்தேன்."

"சின்னப் பொண்ணு எடுத்தப்போ?"

"அதுக்கும் கொடுத்தேன். பாவம், கத்துக்குற பொண்ணு. நாம ஒத்துழைக்கணும்ல."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"எவ்வளவுன்னா? நல்ல கஸ்டமர் கொடுக்கற அளவு."

சித்தி தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சிலேயே திரும்ப உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. நாற்காலியில் இருந்த பையன் பயந்துபோய்த் தலையை இன்னும் நன்றாகக் கொடுத்தான்.

கண்ணுக்கு எதிரே கோல் வந்தால் ஊரில் எல்லோரும் பின்வாங்குவார்கள். பின்வாங்குகிறவர்களைச் சமாளிக்கத்தான் அவளுக்கும் தெரியும், சின்ன அளவுக்கும் தெரியும். ஆயுசெல்லாம் அடுத்தவர் தலையைக் கேட்டு வாங்கிப் பழகிய மனுஷன், தன் முறை வந்ததும் மரியாதையாக முன்னால் வந்து கண்ணாலேயே கோலை அழுத்தியிருக்கிறார். இருவரிடமும் ஒரே அளவாக. அதனால்தான் இரண்டு எண்களும் அவ்வளவு அழகாக ஒத்துப்போயின. கருவிழிக்கும் புரைக்கும் நடுவே இருக்கும் இடம் திரையில் குறுகித் தெரிந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குட்டைக் கண்தானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தாள்.

"நான்தான் பார்த்திருக்கணும்" என்று மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா முழுக்கதையையும் கேட்டார். தலையைக் கொடுத்த இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எண்களை எடுத்துப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அவர் கேட்ட தூரத்துக்கு இந்த அளவுல லென்ஸ் வெச்சிருந்தா, ஒரு சாண் வரைக்கும்தான் தெரியும். தலையை மூக்கோட ஒட்டி வெச்சு வெட்டணும்" என்றார். "மறுபடி எடுங்க. தொட வேண்டாம், தண்ணி வெச்சு எடுங்க. நான் தேதியைத் தள்ளி வெக்கறேன்."

தண்ணீர் வைத்து அளப்பதை சித்தி பயிற்சியிலேயே கற்றிருந்தாள். நேரம் பிடிக்கும் என்பதால் நாளடைவில் விட்டுப்போயிருந்தது. இமைகளுக்கு நடுவே அடிப்பக்கமில்லாத ஒரு சின்னக் கிண்ணத்தை நிறுத்தி, அதில் உப்புநீரை ஊற்றி, கோலின் நுனியை அந்த நீரில் மட்டும் படவைக்க வேண்டும். ஒலி தண்ணீர் வழியாகக் கண்ணுக்குள் இறங்கும். கோல் கண்ணைத் தொடாது. கண் விரும்பினாலும் கோலைத் தொட முடியாது.

இந்த முறை சித்தப்பாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். கழுத்துவரை ஒரு துண்டு போர்த்தினாள் சித்தி.

"இப்ப நீங்க என் கஸ்டமர்" என்றாள். "ஆனா இது வேற சலூன். இங்க தலையைக் கொடுக்கக் கூடாது."

"அப்போ எதைக் கொடுக்கறது?"

"ஒண்ணையும் கொடுக்காதீங்க. சும்மா கிடங்க."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ சொன்ன வேலையிலயே கஷ்டமான வேலை இதுதான்."

"பேசவும் கூடாது."

"அது அதைவிட—"

"ஏங்க!"

வாய் மூடியது. கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்தது. கண்ணின் மேல் ஒரு குட்டிக் குளம், அடியில் வெளுத்த ஒரு நிலா. மேற்கூரை விளக்கு அதில் விழுந்து ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை சித்தி காத்திருந்தாள். பிறகு நுனியைத் தண்ணீரில் வைத்தாள். கோடுகள் எழுந்தன. கருவிழிக்கும் புரைக்கும் நடுவே இந்த முறை நல்ல இடம் இருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தாள். அவர் மூச்சுகூட அளந்துதான் விட்டார்.

எண்ணைச் சித்தி ஒரு தாளில் குறித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சின்ன அளவை உள்ளே அனுப்பினாள். நடைவழியில் சுவரோரமாக நின்றாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. உள்ளேயிருந்து "சார், பேசாதீங்க சார்" என்று ஒரு கெஞ்சல் கேட்டது.

கதவு திறந்தது. சின்ன அளவு எண்ணைச் சொன்னாள். சித்தி பையிலிருந்ததை எடுத்து விரித்துக் காட்டினாள். இரண்டும் ஒட்டி நின்றன. அதைவிட, இடது கண்ணின் நீளத்தோடு வந்து ஒட்டி நின்றன. அந்தக் காலத்தில் அளக்காமலே லென்ஸ் வாங்கிக்கொண்ட கண்தான், இப்போது தன் ஜோடிக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

சித்தி பாட்டிலைத் திறந்து முழுக்கக் குடித்து முடித்தாள்.

அறுவை டாக்டரம்மாவின் கையில் சுருக்கமாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் சித்தப்பா முதலில் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். "இது இவ்வளவு வெள்ளையா?" பிறகு சித்தியை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரை வந்துச்சு? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நரையைக்கூட வாயால சொன்னாத்தான் தெரியணுமா?"

கண் தேற சில வாரம் ஆகும், கடைசி அளவு அப்போதுதான் நிலைக்கும் என்றார்கள். அதுவரை சித்தப்பா வீட்டில் இருந்தார், வாய் மட்டும் வேலைக்குப் போய்வந்தது. தேறியதும் சோதித்தார்கள். சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் கீழ்வரிசைகள் மங்கல், பேசி வைத்த மாதிரியே. பிறகு கிட்டே பார்க்கச் சின்ன எழுத்து அட்டையை எடுக்கப் போனாள் சின்ன அளவு. சித்தி அவளை நிறுத்தினாள். சித்தப்பாவின் எதிரே ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக் கழுத்தைக் காட்டினாள்.

"இங்க என்ன தெரியுது?"

சித்தப்பா கையைத் தூக்கி முழங்கையை மடக்கினார். டாக்டரம்மாவுக்குக் காட்டிய அதே தூரம்.

"பூனைமுடி" என்றார். "ஒண்ணொண்ணா தெரியுது. இடது பக்கம் ஒரு மச்சம். அது எப்ப வந்துச்சு?"

"அது எப்பவும் இருக்கு" என்றாள் சித்தி. திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

கடை திறந்த காலை, சித்தி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வாசலில் நின்றாள். மருந்துக்கடைக்காரர் பஞ்சுச் சுருள் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காது ரெண்டையும் கூட்டிட்டு வந்திருக்கேன்ப்பா. ரெண்டையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

சித்தப்பா கண்ணாடிக்கு மேலே எட்டி, ஷேவிங் மேல் கிடந்த துண்டை எடுத்து உதறி அவர் கழுத்தில் கட்டினார். இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்து, புது பிளேடைப் பூட்டி, நுரை தடவினார். வலது கண்ணால் காதோரத்தைப் பார்த்தார். கட்டைவிரல் பழக்கத்தில் காதுமடலுக்குப் போனது. பாதியில் நின்று, வேலையில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தது.

"தலையைக் கொடுங்க" என்றார்.

மருந்துக்கடைக்காரர் கொடுத்தார். கத்தி காதைச் சுற்றி வளைந்து இறங்கியது. அரசியலோ சினிமாவோ, சித்தப்பா ஏதோ ஒன்றைப் பேசத் தொடங்கிவிட்டார், கத்தி நிற்கவில்லை. மருந்துக்கடைக்காரர் முடிந்ததும் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பஞ்சைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

சித்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அளவு அறை வாசலில் இந்நேரம் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். "நான் வரேங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கொஞ்ச நாளாக அவள் கோலை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறாள், என்ன வேலை பார்க்கறீங்க என்று.